உச்சியில் வைத்த ஊசி மருந்து

ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தாராம், அவருக்கு வரவர ஒன்றுமே மனத்தில் நிற்கவில்லையாம். அம்மப்பா எனக்குக் கதை சொல்லத் தொடங்கினால் இப்படித்தான் ஏதாவது ஒரு குறையுள்ள ராசாவோடு தொடங்குவார். எங்கள் கோப்பாயில் ராசா இல்லை. ராசரத்தினம் மாமா இருந்தார். அவருக்கும் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை.

அம்மப்பாவின் கதையில் ராசகுமாரன் குதிரை ஏறி ஏழு கடல் தாண்டி மருந்து கொண்டுவருவான். எங்கள் குடும்பத்தில் அந்த வேலைக்கு நான்தான் இருந்தேன். பள்ளிக்கூடச் சோதனை எழுதிவிட்டு மறுமொழி வரும்வரை சும்மா இருந்த காலம். சும்மா இருக்கிற பொடியனுக்கு யாழ்ப்பாணத்தில் ஓய்வே கிடையாது.

எனக்குத் தந்த வேலை சின்ன வேலை. பட்டணத்துக்குப் போய் ஒரு ஊசி மருந்து வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான்.

மாமா கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். பென்சன் எடுத்த பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் ஞாயிற்றுக்கிழமை, ஊர்த் தலைமைக்காரராக இருந்து ஓய்ந்த விதானையாரின் வளவில், மாமரத்துக்குக் கீழே, பாயில் இருந்து முந்நூற்றுநாலு விளையாடுவது.

அந்தச் சீட்டாட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேர், இரண்டு சோடி. எவர் கூடப் புள்ளி கேட்கிறாரோ அவர் எந்த இனம் துரும்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டுகிற இனம், என்று மனத்தில் தீர்மானித்து, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். பிறகு எந்தச் சீட்டு விழுந்தது, எது இன்னும் வெளியே வரவில்லை என்று மண்டைக்குள் வைத்திருக்கிறவன் வெல்லுவான். தோற்ற சோடிக்குக் குணுக்கு. அதாவது ஓலையை வளைத்துச் செய்த தொங்கட்டான் ஒன்றைக் காதில் கொழுவி விடுவார்கள். பாயை விட்டு எழும்பும்வரை கழற்றக்கூடாது.

மாமா நான் பட்டணம் போவதற்கு முந்திய ஞாயிறு பெரிதாகக் கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொழும்புக் கந்தோரில் தனக்குக் கீழே வேலை பார்த்த சிங்களப் பியோனின் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதை முடிந்ததும் சுற்றிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஆர் இப்ப துரும்பு கேட்டது?"

கவிழ்த்த சீட்டு அவருடைய முழங்காலுக்கு முன்னால்தான் கிடந்தது.

அன்றைக்குக் குணுக்கு வாங்கினது காணாதென்று, அதைக் கழற்ற மறந்து, அப்படியே வீட்டுக்கும் வந்து சேர்ந்தார். மாமி படலையிலேயே பிடித்துவிட்டா.

"இஞ்சாருங்கோ, உதென்ன காதிலை? எனக்குத்தான் ஒரு தோடு வாங்கித் தரேல்லை, நீங்களாவது போட்டிருக்கிறியள்."

ஆனால் மாமாவைச் சுட்டது மாமியின் பகிடி இல்லை. அவருடைய சோடி விதானையார்தான். பென்சன் எடுத்தும் அதிகாரத்தை விடாத மனிதர். எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

"ராசரத்தினம், வாற ஞாயிறும் இதுதான் கதை எண்டால் நீ பாயிலை இருக்காதை. உன்ரை இடத்திலை சங்கக்கடை மனேச்சரை இருத்துறன். நீ பக்கத்திலை கதிரை போட்டு இருந்து பார்."

பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்ப்பது! மாமாவுக்கு அது பாடையில் படுக்கிறதுக்கு ஒரு படி முன்னம்.

அந்த வாரம் அவர் ஏதோ ஒரு இங்கிலீசுச் சஞ்சிகையில் வாசித்தாராம். ஆம்பிளைகளுக்கு வயது போகப் போக உடம்பில் ஊறுகிற ஆண் சத்து வற்றுமாம். அது வற்றினால் மூளையும் மந்தமாகுமாம். அதை ஊசியாகப் போட்டால் புத்தி பழையபடி பொடியனுடைய புத்தி ஆகுமாம்.

பொடியனுடைய புத்தி எப்படி இருக்கும் என்று என்னைப் பார்த்தும் அவர் அதற்கு ஆசைப்பட்டார்.

டொக்டரிடம் போய் நச்சரித்து மருந்துத் துண்டு எழுதுவித்து, என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரகசியமாகக் கையில் வைத்தார்.

"டேய், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. முக்கியமா உந்தச் சுருட்டு முருகேசற்றை காதிலை மட்டும் விழக்கூடாது. விழுந்துதோ, பேந்து நான் ஊரிலை இருக்கேலாது."

சுருட்டு முருகேசர் மாமாவின் எதிர்ச் சோடி. சுருட்டு வியாபாரி. குணுக்குக் கொழுவுவதற்கென்றே கை நீண்டவர்.

"சரி மாமா" என்றேன்.

"என்ன?"

"சரி மாமா."

"சத்தமாச் சொல்லடா!"

இந்த இடத்தில் என் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் குரல் சில நேரம் எனக்கே கேட்காது. வகுப்பில் முன்வாங்கில் இருந்து பெயருக்குப் பதில் சொல்லியும், வராதவன் என்று அடையாளம் வாங்கியவன் நான். பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊர்வரை போய் நடந்து வந்திருக்கிறேன்.

சைக்கிளில் இருபாலை தாண்டி, கல்வியங்காடு தாண்டி, நல்லூர் தாண்டிப் பட்டணம் போனேன். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் சரியாக வராத காலம். முதற்பாமசியில் மருந்து இல்லை. இரண்டாங்கடையில் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் மூக்குக்கண்ணாடிக்காரர் துண்டை வாசித்தார். என்னை வாசித்தார். பிறகு என் மீசை இருக்க வேண்டிய இடத்தை வாசித்தார்.

உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "டேய், அந்த ஆம்பிளையளின்ரை ஊசி ஒண்டு மிஞ்சிக் கிடந்துதெல்லோ, எடுத்துக்கொண்டு வா!"

கடையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது.

"ஆருக்குத் தம்பி?"

"மாமாவுக்கு."

"ஆ?"

"மாமாவுக்கு."

"ஓமோம். உதுக்கு வாற எல்லாரும் மாமாவுக்கு எண்டுதான் வாறவை."

எனக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஈரச் சுருட்டு இழுக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. உலகத்தில் ஒருத்தர்தான் அப்படிச் சிரிப்பார்.

முருகேசர்! வயிற்றுக் கோளாறுக்கு மருந்து வாங்க வந்து நின்றார்.

"அட, எங்கடை தம்பி! மாமாவுக்கோ? ஆர், ராசரத்தினத்துக்கோ?"

ஓம் என்றால் மாமா ஊரில் இருக்க ஏலாது. இல்லை என்றால் வேறு யாருக்கு? எனக்கு வேறு மாமாவும் இல்லை. யோசிக்க நேரமும் இல்லை.

"இல்லை ஐயா. எனக்குத்தான்!"

பிறந்த நாள் முதல் யாருக்கும் கேட்காத என் குரல் அன்றைக்குக் கடை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. வெளியில் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"பரவாயில்லைத் தம்பி" என்று முருகேசர் என் தோளைத் தட்டினார். "வெக்கப்படாதை. வயசுக்கு முந்தியும் சிலருக்குத் தேவைப்படும்."

மருந்தைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே மிதித்தேன். வழியெல்லாம் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. நல்லூர் வெளிவீதியில் ஒரு மாடும் பார்த்தது.

மாமா கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கினார். மஞ்சளாக, மெதுவாக அசைந்தது.

"உது எண்ணெயெல்லோ!"

"ஓம் மாமா. எண்ணெயிலை கலந்த மருந்தாம். டொக்டர் பின்பக்கத்திலை போடுவாராம்."

மாமாவின் முகம் மாறியது. ஊசி என்றால் அவருக்கு உயிர் போகும் என்பது மாமிக்கு மட்டும் தெரிந்த விசயம். நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். ஆனால் கந்தோரில் இருந்த மனிதர் பயத்தைப் பயமாகச் சொல்ல மாட்டார். நியாயமாகத்தான் சொல்லுவார்.

"நீ படிச்ச பொடியன்தானே. ஞாபகம் எங்கை இருக்கு?"

"மண்டையிலை."

"டொக்டர் எங்கை குத்தப் போறார்?"

"பின்னாலை."

"அங்கையிருந்து எண்ணெய் முதுகெலும்பாலை ஏறி மண்டைக்கு வர எவ்வளவு நாள் செல்லும்? எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேணுமடா! எண்ணெய் எண்டால் அதுக்கு ஒரு முறை இருக்கு. நாளைக்கு என்ன கிழமை?"

"சனி."

"பிறகென்ன?"

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சனிக்கிழமை, எண்ணெய், தலை. மாமா முழுக்குக்கு ஆயத்தமாகிவிட்டார்.

சனிக்கிழமை காலமை, கிணற்றடி. மாமா நாலுமுழ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் இருந்தார். மாமி எண்ணெய் போக்குகிற அரப்பை அவித்துச் சருவச் சட்டியில் கொண்டுவந்து வைத்தா. என்ன எண்ணெய் என்று அவவுக்குச் சொல்லவில்லை. "கொழும்பு எண்ணெய்" என்றார் மாமா.

குப்பியின் கழுத்தை உடைத்து உள்ளங்கையில் ஊற்றினேன். ஒரு கறிக்கரண்டிக்கும் காணாது.

"உவ்வளவுதானோ?" என்றா மாமி. "உதைத் தலைக்கு வைக்கிறதோ, கண்ணுக்கு விடுறதோ?"

உள்ளே போய் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, என் கையில் தாராளமாகக் கவிழ்த்தா. வாசத்துக்கு மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். சீமை மருந்து எங்கே போனது என்றே தெரியவில்லை.

"உச்சியிலை வைச்சு நல்லாத் தேயடா! உள்ளுக்கை இறங்க வேணும்!"

தேய்த்தேன். மாமாவின் உச்சியில் எட்டுத் திக்குக்கும் எட்டு மயிர். எண்ணெய் வழிந்து காதுக்குள் போனது.

"காதுக்கை போகுது மாமா."

"போகட்டும். அதுவும் மண்டைக்குப் போற பாதைதான்."

முழங்கை வரை எண்ணெயோடு நான் நிற்க, மாமாவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "கையிலை இருக்கிறதை வீணாக்காதை. உன்ரை மீசையிலை பூசு. ஆம்பிளைச் சத்தடா, வளரட்டும்."

நான் பூசவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பூசவில்லை. அவர் கண்ணை மூடி அரப்புக்குத் தலை குனிந்த பிறகு, வாளிக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் நன்றாகப் பூசினேன்.

அன்றைக்கு முழுக்கப் பத்தியம். தயிர் இல்லை. பகல் நித்திரை இல்லை. மாமா கண் சொருகிய நேரமெல்லாம் மாமி கரண்டியால் சட்டியில் தட்டி எழுப்பினா.

ஞாயிற்றுக்கிழமை காலமை டொக்டரின் டிஸ்பென்சரியைத் தாண்டும்போது, அவர் வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"எங்கை உன்ரை மாமா? ஊசி போட வாறன் எண்ட மனிசனைக் காணேல்லை."

எனக்குப் பொய் சொல்ல வராது. வந்ததெல்லாம் பாமசியில் செலவாகிவிட்டது. முழுவதையும் சொன்னேன். டொக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வைத்தியர் முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"தேய்ச்சது ஆர்?"

"நான்."

"கையிலை கனநேரம் இருந்ததோ?"

"ஓம்."

"வேறை எங்கையும் பட்டதோ?"

நான் மீசையைத் தொடாமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். கை தானாகப் போனது.

"ம். உந்த மருந்து தோலாலையும் கொஞ்சம் உள்ளுக்குப் போகும். மாமாவின்ரை தலையை உடனை அரப்புப் போட்டுக் கழுவியாச்சு. அப்ப மருந்து கூடச் சேர்ந்தது உனக்குத்தான்."

"ஐயா! எனக்கு என்ன நடக்கும்?"

"ஒருக்கா எண்டபடியால் ஒண்டும் நடவாது. பயப்பிடாதை." உள்ளே திரும்பப் போனவர் நின்றார். "குரல் கிரல் தடிச்சால் வந்து சொல்லு."

"மாமாவின்ரை ஞாபகம்?"

"உதாலை ஞாபகம் கூடுமெண்டு நான் எப்ப சொன்னனான்? மனிசனுக்குப் பலவீனம் எண்டார், எழுதினன். ஞாபகத்துக்கு வேறை சொன்னனான். விளையாடேக்கை கொழும்புக் கதை கதையாதையும் எண்டு. அது கடையிலை வாங்கேலாத மருந்தெல்லோ, அவருக்குப் பிடிக்கேல்லை."

பின்னேரம் விதானையார் வளவுக்கு மாமா எண்ணெய்த் தலை மின்ன நடந்தார். நான் பின்னால், வாயை மூடிக்கொண்டு. குரல் தடித்துவிட்டதா என்று பார்க்கவே பயம்.

பாய் விரித்திருந்தது. அதன் ஓரத்தில் சங்கக்கடை மனேச்சர் வந்து இருந்தார். கை இரண்டையும் தேய்த்துக்கொண்டு. சாகிறவர் வீட்டில் காணி எழுத வந்த சொந்தக்காரன் மாதிரி.

"என்ன ராசரத்தினம், இண்டைக்கு எப்பிடி?" என்றார் விதானையார்.

"இண்டைக்குப் பாருங்கோவன்" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தி, சீட்டைக் கையில் எடுத்து, வழக்கம்போலத் தொடங்கினார். "எங்கடை கந்தோரிலை ஒரு பியோன் இருந்தவன்…"

முருகேசர் குறுக்கே விழுந்தார்.

"கந்தோர்க் கதை கிடக்கட்டும். எங்கடை தம்பி முந்தநாள் பட்டணத்திலை என்ன வாங்கினவர் எண்டு தெரியுமோ?"

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மாமா வாயை மூடினார்.

முருகேசர் கதையைத் தொடங்கிவிட்டார். கண்ணாடிக்காரர் துண்டை வாசித்தது, உள்ளே கூப்பிட்டது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். என் குரலில் "எனக்குத்தான்" என்று கீச்சிட்டார். பாயே குலுங்கியது. அவருடைய சோடி தபாற்கந்தோர்த் தம்பையர் கண்ணீர் துடைத்தார்.

"தம்பி, பொம்பிளை பார்த்தாச்சோ?" என்றார் முருகேசர்.

"இல்லை ஐயா."

"ஆ? கேக்கேல்லை. இன்னும் ரெண்டு ஊசி போடு, கேக்கும்."

மாமாவுக்கு வேர்த்தது. வாயைத் திறந்தால் எண்ணெய்க் கதை தன்னிடம் வந்து சேரும் என்ற பயம். அன்றைக்கு அந்த மனிதர் ஒரு சொல் கதைக்கவில்லை. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாதபடியால் சீட்டைப் பார்த்தார். விழுந்த சீட்டைப் பார்த்தார். விழாத சீட்டை யோசித்தார்.

ஆட்டம் இழுபட்டது. ஒருமுறை இவர்கள், மறுமுறை அவர்கள். விதானையார் மாமாவை இரண்டு தரம் ஓரக்கண்ணால் பார்த்தார். மனேச்சரின் கை தேய்ப்பது நின்றுவிட்டது.

கடைசி ஆட்டம். வெல்லுகிற சோடிக்கு அன்றைய நாளையே வென்ற பேர். முருகேசர் பெரிதாகக் கேட்டார். மாமா மேலே கேட்காமல் விட்டுக் கொடுத்தார். முருகேசர் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனேச்சர் முதல்தரம் சரியாகச் சிரிக்கவில்லை என்று, பாமசிக் கதையை முதலில் இருந்து மறுபடியும் எடுத்தார்.

"அப்ப கண்ணாடிக்காரன் கேக்கிறான், ஆருக்குத் தம்பி எண்டு…"

மாமா ஒரு சீட்டைப் போட்டார். முருகேசர் துரும்பால் வெட்ட வேண்டிய இடம். வெட்டவில்லை. ஏதோ ஒன்றை எறிந்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். பிடியை, அதாவது விழுந்த நாலு சீட்டையும், மாமா எடுத்தார். மறுபடி மாமா போட்டார். மறுபடி முருகேசர் எறிந்தார். தம்பையர் இருமினார். முருகேசர் அந்த இருமலைச் சிரிப்பு என்று நினைத்து இன்னும் உற்சாகமாக நடித்தார்.

கதை முடிந்தது. முருகேசர் கையிலுள்ள சீட்டைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அது சரி, ஆர் இப்ப துரும்பு கேட்டது?"

எனக்குள் எங்கிருந்து வந்ததோ தெரியாது. இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றதெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"நீங்கள்தான்!!"

மாமரத்துக் காகங்கள் எல்லாம் எழும்பின. அடுத்த வளவில் நாய் குரைத்தது. நானே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யார் கத்தியது என்று.

விதானையார்தான் முதலில் வாய் திறந்தார். "தம்பியின்ரை குரலோ அது?"

தம்பையர் தலையை மெதுவாக ஆட்டினார். "முருகேசண்ணை, அந்த ஊசி நல்ல ஊசிபோலை கிடக்கு."

அவர்கள் சிரித்தபோது சிரிக்காதவர் இரண்டு பேர். முருகேசரும் நானும். எனக்கு டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது.

மிச்சப் பிடிகளை மாமா ஒன்றன்பின் ஒன்றாக அள்ளினார். எந்தச் சீட்டு எவர் கையில் என்று தெரிந்த மனிதராக அள்ளினார். விதானையார் தன் கையால் குணுக்கைக் கொழுவினார், தம்பையருக்கு ஒன்று, முருகேசருக்கு ஒன்று. மனேச்சர் கடைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எழும்பினார். ஞாயிற்றுக்கிழமையில்.

"ராசரத்தினம்" என்றார் விதானையார், "வாற கிழமை நேரத்துக்கு வா."

அவ்வளவுதான் சொன்னார். மாமாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எண்ணெய் கண்ணுக்குள் போய்விட்டது என்று சால்வையால் துடைத்தார்.

போகும்போது என் காதுக்குள் சொன்னார். "பார்த்தியே? உச்சியிலைதான் வைக்க வேணும். டொக்டருக்கு என்ன தெரியும்!"

தம்பையர் குணுக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். விதானையார் உள்ளே போனார். மாமா ஒழுங்கையில் கையை வீசிக்கொண்டு போனார். நான் பாயைச் சுருட்டினேன்.

நிமிர்ந்தால், முருகேசர் போகாமல் நிற்கிறார். அங்கும் இங்கும் பார்த்தார். கிட்ட வந்தார். எனக்குப் பழக்கமான ஒரு குரலில், அதாவது கேட்காத குரலில், ஏதோ சொன்னார்.

"என்ன ஐயா?"

"இல்லைத் தம்பி… உந்தப் பாமசியிலை அந்த மருந்து இன்னும் ஒண்டு இருக்குமோ?"

"கேட்டுப் பார்க்கலாம். ஆருக்கு ஐயா?"

முருகேசர் சுருட்டை ஒருமுறை இழுத்தார். அது அணைந்து கனநேரம்.

"மாமாவுக்கு" என்றார்.

அவருடைய மாமா நான் பிறக்க முதலே செத்துப் போனவர். அவர் அதற்குமேல் நிற்கவில்லை. படலையைத் திறந்து, முதுகை நிமிர்த்தி, ஊர் பார்க்க ஒழுங்கையில் நடந்து போனார். குணுக்கைக் கழற்றவே இல்லை.